படியில் விழுந்தவர்

எங்கள் பத்திரிகையில் கால் முறிந்தால் செய்தி இல்லை. உயிர் போனால்தான் ஒரு பத்தி. தாம்பரம் பக்கத்துச் செய்திகளைச் சேகரித்து அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், விபத்துச் செய்திக்கென்று ஒரு வார்ப்பு என் கையில் தயாராக இருந்தது. லாரி எப்போதும் கண்மூடித்தனமான வேகத்தில் வரும். அடிபட்டவர் சாலையைக் கடக்க முயன்றுகொண்டிருப்பார். டிரைவர் தப்பி ஓடிவிட்டிருப்பார், போலீசார் வழக்குப் பதிவு செய்து தேடி வருவார்கள். ஊர்ப் பெயரையும் வயதையும் மாற்றினால் போதும்.

அந்த வார்ப்பில் எங்கும் பொருந்தாத ஒரு விபத்து ராஜகீழ்ப்பாக்கத்தில் நடந்தது. யாரும் சாகவில்லை. யாரும் ஓடவும் இல்லை. அதனால் அது எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. விபத்தை நான் நேரில் பார்க்கவில்லை. இங்கே எழுதுவதில் பாதி சம்பந்தப்பட்டவர்கள் என்னிடம் சொன்னது, மீதி நீதிமன்றத்தில் நான் உட்கார்ந்து கேட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கம். சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில் மாடிப் பகுதியில் குடியிருந்தேன். கீழ்ப் பகுதியில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரும் அவர் மகளும் இருந்தார்கள். மகள் பக்கத்தில் ஒரு நர்சரி பள்ளியில் வேலை பார்த்தார். தெருவே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டது. ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, அரசுப் பள்ளிக்கு அழைப்பு வரும் என்று வருடக்கணக்காகக் காத்திருந்தார். அவருக்கு முந்தைய வருடம் பதிந்தவர்களுக்கு அழைப்பு வரத் தொடங்கியிருந்தது. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே டீச்சரின் அப்பா வாசல் கேட்டுக்கு வந்துவிடுவார்.

டீச்சரிடம் ஒரு மொபெட் இருந்தது. எங்கள் தெருவில் வண்டி ஓட்டிய முதல் பெண் அவர்தான். மொபெட்டுக்கு லைசென்ஸ் எதற்கு என்று பலரும் நினைத்த காலத்தில் அப்பாவின் வற்புறுத்தலால் அதையும் எடுத்து வைத்திருந்தார். பள்ளி விட்டதும் ராஜகீழ்ப்பாக்கத்தில் இரண்டு வீடுகளுக்குப் போய் டியூஷன் எடுப்பார். அந்த வழியில்தான் பெரியவர் குறுக்கே வந்தார்.

பெரியவர் அந்த ஊர்க்காரர். வேளச்சேரி ரோட்டின் இரு பக்கமும் அவர் குடும்பத்துக்கு நிலம் இருந்தது. நிலம் மனைகளாகி, பிள்ளைகள் சிமென்ட் கடை வைத்து, மாடி வீடு கட்டியிருந்தார்கள். அவரும் அவர் வயதுக்காரர்களும் அந்த ரோட்டைக் கடக்கும் விதத்தை நான் பலமுறை கவனித்திருக்கிறேன். வலது கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, உள்ளங்கையை வண்டிகள் வரும் பக்கம் காட்டுவார்கள். முகத்தைத் திருப்ப மாட்டார்கள். நேராகப் பார்த்தபடி நடப்பார்கள். வண்டி நின்றுவிடும் என்ற நம்பிக்கை என்று அதைச் சொல்ல முடியாது. நிற்க வேண்டியது வண்டியின் வேலை என்பது அவர்கள் எண்ணம். பஸ் டிரைவர்களும் அவர்களைத் தெரிந்து வைத்திருந்தார்கள். திட்டிக்கொண்டே நிறுத்துவார்கள்.

அன்று பெரியவர் தாம்பரம் போய்விட்டுத் திரும்பியிருந்தார். பஸ் நிறுத்தத்தில் நின்றது. முன்படியில் இறங்கி, பஸ்ஸின் முன்பக்கமாகவே சுற்றி வந்து, கையைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் கால் வைத்தார். டீச்சர் ஹாரன் அடித்தபடி நின்ற பஸ்ஸை வலப்பக்கமாகத் தாண்டிக்கொண்டிருந்தார். பஸ் மறைத்ததால் ஆள் தெரியவில்லை. முதலில் தெரிந்தது கை. பிரேக் பிடித்தார். வீடு கட்டும் இடங்களுக்குப் போகும் லாரிகள் சிந்திய மணல் அங்கே ரோட்டில் பரவிக் கிடந்தது. வண்டி சாய்ந்து வழுக்கிக்கொண்டு போய்ப் பெரியவரின் வலது முழங்காலுக்குக் கீழே அடித்தது. பெரியவர் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். கை மட்டும் இன்னும் தூக்கியபடியே இருந்தது என்று டீச்சர் பிறகு என்னிடம் சொன்னார்.

கூட்டம் சேர்வதற்கு முன் டீச்சர் ஓர் ஆட்டோவை நிறுத்தி அவரை ஏற்றினார். மொபெட்டை நிறுத்தத்தில் பழம் விற்கும் அம்மாவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கூடவே ஏறிக்கொண்டார். ஆட்டோவில் போகும்போது பெரியவர் வலியில் கத்தவில்லை. டிரைவருக்கு வழி சொல்லிக்கொண்டு வந்தார்.

"இந்தா, அந்தப் பக்கம் போவாத, பள்ளம் கீது. நேராப் போ."

அரசு ஆஸ்பத்திரியில், பெயர் பதியும் இடத்தில், எப்படி அடிபட்டது என்று கேட்டார்கள். டீச்சர் வாயைத் திறப்பதற்கு முன் பெரியவர் சொன்னார்.

"வூட்டுப் படியில வழுக்கி வுழுந்துட்டேன்."

"கூட வந்தது யாரு?"

"மருமவ."

டீச்சர் ஏதோ சொல்ல முயன்றபோது பெரியவர் அவர் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். "கம்முனு இரு," என்றார்.

எங்கள் பக்கத்தில் அப்போது எல்லோரும் நம்பிய ஒன்று இது. ரோட்டில் அடிபட்டதாகச் சொன்னால் போலீஸ் கேஸ் ஆகிவிடும். போலீஸ் வரும்வரை தொட மாட்டார்கள். பிறகு பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தள்ளிவிடுவார்கள். அப்படித் தள்ளப்பட்ட ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. ஆனால் படியில் விழுந்தவர்களும், மாடு முட்டியவர்களும், குளியலறையில் வழுக்கியவர்களும் அந்த வட்டாரத்து ஆஸ்பத்திரிகளில் நிறைய இருந்தார்கள். சிராய்ப்புகளில் தார் ஒட்டியிருக்கும்.

எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. கட்டுப் போட்டார்கள். வீட்டுக்குச் சொல்லியனுப்பிவிட்டுப் பெரியவர் டீச்சரைக் கிளம்பச் சொன்னார்.

"நீ போ. பசங்க வந்தா பேஜாரு."

"நானே அவங்ககிட்ட சொல்லிடறேன், தாத்தா. தப்பா நினைச்சுக்க மாட்டாங்க."

"தாத்தாவா? எனக்குப் பேரனே இன்னும் பள்ளிக்கூடம் போவல. கெளம்பும்மா."

பிள்ளைகளிடமும் அவர் படியைத்தான் சொன்னார். டீச்சர் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் நடந்ததைச் சொன்னார். அப்பா, "அவரே சொல்லிட்டார் இல்ல? அப்ப விடு. கிளறாதே," என்றார். போலீஸ் ஸ்டேஷன் போக வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை. அடிபட்டவரே இல்லை என்று சொன்ன விபத்தைப் பற்றி யாரிடம் போய் என்ன சொல்வது? பிள்ளைகள் இல்லாத நேரம் பார்த்து டீச்சர் இரண்டு முறை ஆரஞ்சுப் பழத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். புளிக்கிறது என்றாராம் பெரியவர்.

விஷயம் உடைந்தது அந்தப் பழம் விற்கும் அம்மாவால். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கடைக்குப் போகும் வழியில் பெரியவரின் மூத்த மகன் அவரிடம் பழம் வாங்க வண்டியை நிறுத்தியிருக்கிறார்.

"உங்க நைனா காலு எப்டிப்பா கீது? அந்த வண்டிக்காரப் பொண்ணு வந்து பாத்துச்சா?"

"எந்த வண்டிக்காரப் பொண்ணு?"

"இன்னாப்பா, தெரியாத மாரி கேக்குற. இடிச்சதும் ஆட்டோல தூக்கிப் போட்டுகினு போச்சே, அதான்."

மகன் ஆஸ்பத்திரிக்குப் போய் அப்பாவைக் கேட்டார். பெரியவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பதிவில் மருமகள் என்று இருப்பதை மகன் கண்டுபிடித்தபோது அவருக்கு ஒரே ஒரு விளக்கம்தான் தோன்றியது. யாரோ ஒரு படித்த பெண் கிழவரை இடித்துவிட்டு, மிரட்டியோ கெஞ்சியோ பொய் சொல்ல வைத்து, சொந்தக்காரி போல நடித்துத் தப்பித்துவிட்டாள். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பதிவை அன்று நான் பார்த்திருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

புகார் போயிற்று. ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தபோது டீச்சரின் அப்பா என்னையும் கூட வரச் சொன்னார். ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் கடுமையாகப் பேசவில்லை. லைசென்ஸைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"ஆக்சிடென்ட் யாருக்கு வேணாலும் ஆகும்மா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்க, சரி. நேரா இங்க வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்களை உட்கார வெச்சு டீ கொடுத்து அனுப்பியிருப்பேன். மருமகள்னு பேர் கொடுத்துட்டு வீட்டுல போய் உட்கார்ந்துட்டீங்களே."

"நான் சொல்லலை சார். அவர்தான் சொன்னார்."

"நீங்க இல்லைன்னு சொன்னீங்களா?"



பொதுச் சாலையில் பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி ஓட்டியது, கொடுங்காயம் உண்டாக்கியது, விபத்தைப் போலீசுக்குத் தெரிவிக்காதது என்று மூன்று குற்றங்கள். முதல் இரண்டும் தண்டனைச் சட்டத்தில் வருபவை. சிறைவரை போகலாம். மூன்றாவது மோட்டார் வாகனச் சட்டத்தில் வருவது. அப்போதே ஜாமீனில் விட்டார்கள். மொபெட் மட்டும் ஸ்டேஷன் வளாகத்தில், நசுங்கிய லாரிகளுக்கும் ஒரு வேனுக்கும் நடுவில் நின்றது. அந்த வரிசையில் ஒடுக்குகூட இல்லாமல் நின்ற வண்டி அது ஒன்றுதான்.

சம்மன் வந்தது. அதற்கு முந்தைய வாரம், அதே தபால்காரர் வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் கொண்டுவந்திருந்தார். அடுத்த பட்டியலில் டீச்சர் பெயர் இருக்கிறது, சான்றிதழ்களோடு தயாராக இருக்கவும். வேலை கிடைத்தால் போலீஸ் விசாரணை நடக்கும். குற்ற வழக்கில் தண்டனை பெற்றவரா என்று கேட்பார்கள். இரண்டு கடிதங்களும் அவர்கள் வீட்டில் சுவர்க் காலண்டருக்குப் பின்னால் ஒன்றாகச் செருகப்பட்டிருந்தன.

செய்திக்காகத் தாம்பரம் கோர்ட்டில் அடிக்கடி உட்கார்ந்திருப்பேன். காலையில் முதலில் சின்னக் கேஸ்கள் வரும். லைட் இல்லாத சைக்கிள், மூன்று பேர் ஏறிய ஸ்கூட்டர், அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய ஆட்டோ. வரிசையாக நிற்பார்கள். ஒத்துக்கொள்கிறாயா என்று கேட்கும் முன்பே பாதிப் பேர் ஒத்துக்கொண்டுவிடுவார்கள். அபராதத்தைக் கட்டிவிட்டு வேலைக்குப் போவார்கள். அதில் அவமானம் எதுவும் இல்லை, பஸ் டிக்கெட் எடுப்பது போல. எங்கள் பக்கத்தில் கோர்ட் என்றால் பெரும்பாலோருக்கு இதுதான். அதனால் டீச்சருக்கு எல்லோரும் ஒரே யோசனையைச் சொன்னார்கள்.

"ஒத்துக்கோ. ஃபைனைக் கட்டு. காலையிலேயே முடிஞ்சிடும்," என்றார் அப்பா. "நானே சைக்கிள்ல லைட் இல்லாம ஒரு தடவ கட்டியிருக்கேன். பொம்பளப் புள்ள வருசக் கணக்குல கோர்ட்டுக்கு நடக்கிறது நல்லாவா இருக்கு? சர்ச்சுல என்ன பேசுவாங்க?"

"இது சைக்கிள் கேஸ் இல்லை சார்," என்றேன் நான். "ஒத்துக்கிட்டா தண்டனை. ஃபைன் கட்டினாலும் தண்டனைதான். நாளைக்கு விசாரணைக்கு வர்றவங்க அதைத்தான் எழுதுவாங்க."

"உங்களுக்கு என்ன சார். ரெண்டு வரி எழுதிட்டு மாடிக்குப் போயிடுவீங்க. நடக்கப் போறது நாங்க."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கேஸை நடத்தினால் எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை நிலுவையில் உள்ள வழக்கு என்று எழுதுவார்கள். ஒத்துக்கொண்டால் குற்றவாளி, மறுத்தால் குற்றம் சாட்டப்பட்டவர். பட்டியல் எப்போது வரும், தீர்ப்பு எப்போது வரும், எது முந்தும் என்பதுதான் கேள்வி.

டீச்சர் கோர்ட்டில் நின்ற அன்று நான் பத்திரிகையாளர் பெஞ்சில் இருந்தேன். அவருக்கு முன்னால் நின்றவர்கள் மளமளவென்று ஒத்துக்கொண்டு நகர்ந்தார்கள். டீச்சரிடம் குற்றங்களை வாசித்துக் கேட்டார்கள்.

"இல்லை," என்றார். குரல் எழவில்லை. மாஜிஸ்திரேட் மறுபடி கேட்டார். "அந்த மாதிரி நான் ஓட்டலை," என்றார் டீச்சர்.

பின்வரிசையிலிருந்த அவருடைய அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு வாய்தாக்கள். ஒருநாள் சாட்சி வரவில்லை. ஒருநாள் வக்கீல்கள் வேலைக்கு வரவில்லை. ஒருநாள் மாஜிஸ்திரேட் விடுப்பு. ஒவ்வொரு முறையும் டீச்சர் பள்ளியில் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு, கோர்ட் வராண்டாவில் திருடர்களோடும் ஜீவனாம்சம் கேட்டு வந்தவர்களோடும் உட்கார்ந்திருப்பார். மடியில் திருத்த வேண்டிய பரீட்சைத் தாள்கள் இருக்கும். பெரியவரின் மூத்த மகனும் வருவார். எதிர்ப் பக்கம் நின்று டீச்சரைப் பார்ப்பார். ஆரம்பத்தில் இருந்த கோபம் அந்தப் பார்வையில் மெல்ல மெல்லக் குறைந்ததை நான் கவனித்தேன். கடையை விட்டுவிட்டு வர வேண்டியிருப்பதே பெரிய எரிச்சலாகிவிட்டது. ஒரு நாள், தாள் திருத்துகிறவரிடம் அவரே வந்து கேட்டார்.

"ஏம்மா, எங்க நைனாவ நீ இன்னா சொல்லி மெரட்டுன?"

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். "உங்கப்பாவை யாராவது மிரட்ட முடியுமா?"

மகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது வாஸ்தவம்தான்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு சமரசம் எளிதாக வந்தது. டீச்சரின் வக்கீலே ஏற்பாடு செய்தார். இந்த மாதிரி வழக்குகளில் அடிபட்டவர் மன்னித்தாலும் முதல் குற்றச்சாட்டு தானாகப் போகாது. அதனால் வழக்கமாக ஒன்று செய்வார்கள். வெளியே பேசி முடித்துவிட்டு, சாட்சி கூண்டில் ஏறி, போலீஸ் எழுதி வைத்த வாக்குமூலத்துக்கு மாறாகச் சொல்லிவிடுவார். பெரியவர் கூண்டில் ஏறி, படியில் விழுந்தேன் என்று சொன்னால் போதும். ஆஸ்பத்திரிப் பதிவும் அதையேதான் சொல்கிறது. கேஸ் அங்கேயே முடிந்துவிடும்.

"புதுசா ஒண்ணும் பொய் சொல்லச் சொல்லலையே சார்," என்றார் வக்கீல் என்னிடம். "ஏற்கனவே சொன்னதைத் திருப்பிச் சொல்லப் போறார். அவ்வளவுதான்."

எல்லோருக்கும் நிம்மதி. டீச்சரின் அப்பா எனக்கு மாடிக்கே கேக் கொடுத்தனுப்பினார். விசாரணைக்கு முந்தைய நாள், குழாயடியில் குடம் நிறையக் காத்துக்கொண்டிருந்த டீச்சரைப் பார்த்தேன். நாளையோடு முடிந்துவிடும் என்றேன்.

"முடிஞ்சிடும் சார்," என்றார். சற்றுக் கழித்து, "அவர் படியில விழுந்தார்னா, அன்னிக்கு ஆட்டோல நான் யாரைத் தூக்கிட்டுப் போனேன்?" என்று கேட்டார்.

குடம் நிறைந்துவிட்டது.

பெரியவர் வெள்ளை வேட்டி சட்டையில், ஊன்றுகோலோடு வந்தார். மகன் பிடித்துக்கொள்ளப் போனதற்குக் கையைத் தட்டிவிட்டார். கூண்டில் ஏறி உறுதிமொழி சொன்னார். எப்படிக் காயம் பட்டது என்று அரசு வக்கீல் கேட்டார்.

"வூட்டுப் படியில வழுக்கி வுழுந்துட்டேன்."

அரசு வக்கீலுக்கு இது பழகிப்போனது. சாட்சி பிறழ்ந்துவிட்டார் என்று அறிவித்துக் குறுக்கு விசாரணைக்கு அனுமதி கேட்டார். வழக்கமாக இதை ஒப்புக்குச் செய்வார்கள். ஆனால் அன்று அவருக்கு என்னவோ ஓர் உற்சாகம்.

"எந்த வீட்டுப் படி?"

"எங்க வூட்டுப் படிதான். வேற எவன் வூட்டுப் படில நான் வுழப் போறேன்?"

"பழைய படியா, புதுசா?"

"பழசு. வாசல் படிய மாத்தக் கூடாதுன்னு நான்தான் வுட்டு வெச்சேன்."

"எத்தனை வருஷமா ஏறி இறங்கறீங்க?"

"பொறந்ததுலேர்ந்து."

"பிறந்ததிலிருந்து ஏறி இறங்கற படியிலேயே விழுந்துட்டீங்க. கண்ணு தெரியலையா? இல்ல, அன்னிக்குக் குடிச்சிருந்தீங்களா?"

பெரியவரின் முகம் மாறியது. ஊன்றுகோலைக் கூண்டின் விளிம்பில் சாய்த்து வைத்தார்.

"யாரப் பாத்து இன்னா கேக்குறீங்க? நான் குடிக்கிறவனா? கண்ண மூடிகினு ஏறுவேன் அந்தப் படில. அதுல போயி வுழுவேனா நானு?"

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. டீச்சரின் வக்கீல் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. பேனாவை வைத்துவிட்டு, "அப்ப எங்கதான் பெரியவரே விழுந்தீங்க?" என்று கேட்டார்.

பெரியவர் மகனைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தார். பிறகு பெரியவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமென்றும் தலையாட்டவில்லை, வேண்டாமென்றும் அசைக்கவில்லை.

"ரோட்டுல," என்றார் பெரியவர்.

அதற்குப் பிறகு அவரை யாரும் நிறுத்த முடியவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கியதையும் முன்பக்கமாகச் சுற்றி வந்ததையும் சொன்னார். கையை எப்படித் தூக்கினார் என்று கூண்டிலேயே தூக்கிக் காட்டினார்.

"வண்டி வர்றதைப் பார்த்தீங்களா?"

"பாக்கல. கையக் காட்டுனா நிக்கணும். அந்தப் பொண்ணு நிறுத்தத்தான் பாத்துது. மணலு, வண்டி வழுக்கினு வந்துடுச்சு."

"பார்க்காமலே எப்படித் தெரியும்?"

"காது கேக்குதே எனக்கு. ஹாரன் கேட்டுச்சு. நமக்கு அடிக்கலன்னு நெனச்சேன். அப்பால பிரேக்கு சத்தம் கேட்டுச்சு."

"ஆஸ்பத்திரியில் ஏன் பொய் சொன்னீங்க? இந்தப் பெண் சொல்லச் சொன்னாரா?"

"அது எங்க சொல்லுச்சு? வாயத் தொறந்துச்சு, நான்தான் கையப் புடிச்சு அமுக்குனேன். கேஸுன்னா பட்டணத்துக்குத் தள்ளிடுவாங்கன்னு சொன்னாங்க. மருமவன்னு சொன்னாத்தான் கூட இருக்க வுடுவாங்கன்னு அதையும் சொன்னேன்."

"சரி. வீட்டில் ஏன் சொன்னீங்க?"

இதற்குத்தான் அவர் தயங்கினார்.

"லாரின்னா சொல்லலாம். பஸ்ஸுன்னா சொல்லலாம்," என்றார். கையை இடுப்பு உயரத்துக்கு இறக்கி மொபெட்டின் அளவைக் காட்டினார். "இத்தினி துண்டு வண்டி. அதுலயும் ஒரு பொம்பளப் புள்ள. வெளிய சொல்ற மாரியா கீது?"

இந்த முறை மாஜிஸ்திரேட்டும் முகத்தைக் காகிதத்துக்குள் கொண்டுபோனார்.

எல்லாம் நன்றாகத்தான் முடியும் என்று அப்போது சொல்லியிருக்க முடியாது. இப்போது விபத்து நடந்தது என்று ஆகிவிட்டது. நின்ற பஸ்ஸை டீச்சர் தாண்டினார் என்பதும் பதிவாகிவிட்டது. படி இருந்தவரை அவருக்குப் பாதுகாப்பு இருந்தது. படி போய்விட்டது. சாட்சிகள் முடிந்த பிறகு குற்றம் சாட்டப்பட்டவரிடம் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் பொய் என்று சொல்லுங்கள் என்று வக்கீல் காதில் சொல்வதைப் பார்த்தேன். நான் கேட்ட நூற்றுக்கணக்கான வழக்குகளில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்.

"அவர் சொன்னது உண்மை," என்றார் டீச்சர். "பஸ்ஸைத் தாண்டினேன். ஹாரன் அடிச்சுக்கிட்டு மெதுவாத்தான் தாண்டினேன். கையைப் பார்த்ததும் பிரேக் பிடிச்சேன். போலீஸ்ல சொல்லாதது என் தப்பு. அவர் சொன்ன பொய்யை அங்கேயே மறுத்திருக்கணும். மறுக்கலை."

தீர்ப்பு அடுத்த மாதம் வந்தது. வேகமாகவோ கவனக்குறைவாகவோ ஓட்டியது நிரூபிக்கப்படவில்லை என்று முதல் இரண்டு குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுதலை. மூன்றாவதை அவரே சொல்லிவிட்டார். அதற்கு அபராதம். சைக்கிளில் லைட் இல்லாமல் வந்தவர்கள் கட்டும் அதே மேஜையில் டீச்சரும் கட்டினார். அவருடைய அப்பா வெளியே வந்து, "கடைசியில ஃபைன்தானே. இதை நான் முதல்லயே சொன்னேன்," என்றார். கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் அன்று மாலை அலுவலகத்துக்கு அனுப்பியது ஒரு சங்கிலிப் பறிப்பு வழக்கின் செய்தி.

டீச்சரின் பெயர் இருந்த பட்டியல் அதற்குப் பிறகுதான் வந்தது. வழக்கு ஏதும் உண்டா என்ற இடத்தில் உண்டு என்று எழுதி, தீர்ப்பின் நகலையும் சேர்த்து வைத்தார். விசாரணைக்கு வந்த ஏட்டு கீழ் வீட்டில் கேட்டுவிட்டு, அக்கம்பக்கம் என்ற முறையில் என்னிடமும் வந்தார். தீர்ப்பை முழுவதும் உட்கார்ந்து படித்தார். வாசல் படி பற்றி வரும் இடத்தில் நிறுத்தி, என்னைப் பார்த்து, "நெசமாவே இப்படிச் சொன்னாரா சார்?" என்றார். சொன்னார் என்றேன். நான் பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. கோவிலம்பாக்கம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் வேலை கிடைத்தது.

மொபெட் ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்தபோது துருப்பிடித்திருந்தது. அதை விற்றுவிட்டு வேறு வாங்கிக்கொள்ளச் சொன்னார் மெக்கானிக். டீச்சர் கேட்கவில்லை. சரிசெய்து அதிலேயே பள்ளிக்குப் போய்வந்தார்.

ஒருமுறை ராஜகீழ்ப்பாக்கம் நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். பெரியவர் எதிர்ப் பக்கத்திலிருந்து ஊன்றுகோலோடு ரோட்டில் இறங்கினார். ஊன்றுகோல் இடது கையில் இருந்தது. வலது கை தோள் உயரத்துக்குத் தூக்கியிருந்தது. முகம் நேராக. சேலையூர்ப் பக்கமிருந்து வந்த மொபெட் நன்றாகத் தள்ளியே நின்றது. அதன் பின்னால் வந்த பஸ்ஸும் நிற்க வேண்டியதாயிற்று. கண்டக்டர் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"யம்மா, நடு ரோட்டுல இன்னாம்மா வேடிக்கை? போம்மா."

டீச்சர் நகரவில்லை. பெரியவர் கடந்து முடிக்கும்வரை இரண்டு கால்களையும் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றார். யார் நிறுத்தினார்கள் என்று பெரியவர் கடைசிவரை திரும்பிப் பார்க்கவில்லை.